நம் ஈமெயில் முகவரியை யார் படிக்கிறார்கள்?

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சென்ற பொதுக்குழுவில் நான் இருபது நிமிடம் பேசினேன். அன்று நல்ல மழை. பாதிப் பேர் வரவில்லை. "பேசியதை எழுதிக் கொடுங்கள், செய்திமடலில் போட்டுவிடலாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டாவது முறை கேட்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வராதவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள். இது உங்கள் ஒவ்வொருவரின் பெயரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 1983ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். 2021ல் கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். ஈமெயில், வெப்சைட், ஜாவாஸ்கிரிப்ட் என்றெல்லாம் பேச எனக்கு ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது. தவறு செய்தவன் நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் சங்கத்துக்கு வெப்சைட் தொடங்கியபோது, உறுப்பினர் பட்டியலை அதில் போட வேண்டும் என்று யோசனை சொன்னவன் நான். சந்தாப் படிவங்களை எல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போய், பத்து நாள் உட்கார்ந்து எக்செல்லில் தட்டினேன். பெயர், கதவு எண், தெரு, ஈமெயில் முகவரி. மேலே நிர்வாகிகளின் பெயரும் பதவியும். மொத்தம் 187 ஈமெயில் முகவரிகள். பேரேடு எழுதிய கை அல்லவா, கட்டம் கட்டமாகப் பார்க்க அழகாக இருந்தது. எனக்குப் பெருமைதான்.

அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த நான்காவது தெருத் தம்பிதான் வெப்சைட்டில் ஏற்றிக் கொடுத்தான். "அங்கிள், ஈமெயிலை இப்படி அப்படியே போடக் கூடாது. மறைச்சுப் போடலாம், எனக்குத் தெரியும்" என்றான். "மறைத்து வைக்க அதென்ன தங்கமா? நாலு பேர் தொடர்பு கொள்ளத்தானே அட்ரஸ்?" என்று நான் சிரித்துவிட்டேன். பையன் பெரியவர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியையின் அனுமதியோடுதான் சொல்கிறேன். "நடந்ததைச் சொல்லுங்க தம்பி, மத்தவங்களுக்கு உதவும். பேர் மட்டும் வேண்டாம்" என்றார். ஆகவே டீச்சர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீச்சருக்கு நம் தலைவர் பெயரில் ஈமெயில் வந்தது. "ஒரு மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது. மருத்துவமனையில் ஒருவருக்கு அவசர உதவி செய்ய வேண்டியிருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்புங்கள், மாலையில் பணத்தைத் தந்துவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. சங்கத் தலைவர் கேட்கிறார், அதுவும் உடம்பு முடியாத ஒருவருக்காக. டீச்சர் வாங்கி அனுப்பினார். மறுபடியும் கேட்டார்கள், அனுப்பினார். மூன்றாவது முறையும் அனுப்பினார். நான்காவது முறை பத்தாயிரம் கேட்டபோது போனில் பணம் போகவில்லை. "தம்பி, பேங்க்ல இருந்தவராச்சே, இது ஏன் போக மாட்டேங்குதுன்னு பாருங்க" என்று என் வீட்டுக்கு வந்தார்.

நான் அந்தக் கடிதத்தைப் படித்தேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். "மீட்டிங்கில்" இருந்த தலைவர் எதிரே பூங்காவில் நின்று, போர் மோட்டார் ரிப்பேர்காரருடன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிந்தோம். ஆனால் கிஃப்ட் கார்டு எண் கைமாறிய சில நிமிடங்களில் செலவழிந்துவிடுகிறது. டீச்சரின் பதினைந்தாயிரம் ரூபாய் திரும்பவில்லை. பென்ஷன் பணம். விசாரித்ததில், அன்று அதே கடிதம் நம் நகரில் பல வீடுகளுக்கு வந்திருந்தது. மற்றவர்கள் சந்தேகப்பட்டு விட்டுவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

போகும்போது டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். "நான் இந்தச் சங்கத்துல மெம்பர், இவர் தலைவர், என் ஈமெயில் இது. இதெல்லாம் அவனுக்கு எப்படிப்பா தெரிஞ்சது?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். கீழே தலைவரின் பெயர் இருந்தது. அவருடைய இனிஷியல் என். கடிதத்தில் எம் என்று இருந்தது. திருடன்தானே, தவறாகப் போட்டிருக்கிறான் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து நம் வெப்சைட்டைத் திறந்தேன். அங்கேயும் எம். கீபோர்டில் என்னும் எம்மும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் விரல் தவறியிருக்கிறது. தலைவர் உட்பட யாரும் கவனிக்கவில்லை.

வங்கியில் தணிக்கைக்கு வருபவர்கள் சொல்வார்கள்: சரியான பதிவு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், தவறான பதிவைத் தொடர்ந்து போனால் மூலம் கிடைத்துவிடும் என்று. என் பிழை அப்படியே திருடனின் கடிதத்தில் இருந்தது. அவன் எங்கிருந்து எடுத்தான் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இப்போது, அவன் எப்படி எடுக்கிறான் என்று பார்ப்போம். நான்காவது தெருத் தம்பி இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவனிடம் நான் மாணவனாக உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

வெப்சைட் என்று நாம் திரையில் பார்ப்பது, உண்மையில் ஒரு எழுத்துக் கோப்பு. எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து அந்த எழுத்துகள் நம் கம்ப்யூட்டருக்கு வருகின்றன. குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசர், அதைப் படித்துப் படமும் கட்டமுமாக வரைந்து காட்டுகிறது. அந்த மூல எழுத்தை நீங்களும் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் விசையோடு யு என்ற எழுத்தை அழுத்துங்கள். அந்தப் பக்கத்தின் மூலம் திறக்கும். அதில் கன்ட்ரோல், எஃப் அழுத்தி @ குறியைத் தேடுங்கள். நம் பழைய பக்கத்தில் தேடியபோது 187 இடத்தில் கிடைத்தது.

திருடன் உட்கார்ந்து ஒவ்வொரு வெப்சைட்டாகப் படிப்பதில்லை. அதற்கென்று புரோகிராம் வைத்திருக்கிறான். அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புகள் வழியே தானாகப் போய்க்கொண்டே இருக்கும். அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது தேடுவது ஒரே ஒரு வடிவத்தை. சில எழுத்துகள், நடுவில் @ குறி, மறுபடி சில எழுத்துகள், ஒரு புள்ளி, மறுபடி எழுத்துகள். அந்த வடிவம் கண்ணில் பட்டால் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும். இரவு பகல் பார்க்காது.

@ குறியை ஈமெயிலில் கொண்டுவந்தவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1971ல், ஆளின் பெயரையும் அவர் இருக்கும் கம்ப்யூட்டரின் பெயரையும் பிரிப்பதற்கு அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். வணிகவியல் படித்தவர்களுக்கு அது பழைய நண்பன். "10 பேனா @ 5 ரூபாய்" என்று பில் எழுதியிருக்கிறோம். மனிதர்களின் பெயரில் அது பொதுவாக வராது என்பதாலேயே அது அவருக்கு வசதியாக இருந்தது. அதே காரணத்தால்தான் இன்று திருடனின் புரோகிராமுக்கும் அது வசதியாக இருக்கிறது.

இன்னொரு செய்தி எனக்குச் சுருக்கென்று தைத்தது. கேட்காத விளம்பரத்தைக் கூட்டமாக ஈமெயிலில் அனுப்பியது முதன்முதலில் 1978 மே மாதத்தில் நடந்தது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டில் இருந்தவர்கள் அவர்கள். அத்தனை பேர் முகவரி எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? அச்சிட்டு வைத்திருந்த உறுப்பினர் பட்டியலிலிருந்து, கையால் தட்டி எடுத்தது! ஸ்பாம் என்று நாம் சொல்கிற குப்பைக் கடிதம் பிறந்ததே ஒரு உறுப்பினர் பட்டியலிலிருந்துதான். நான் போட்டதும் உறுப்பினர் பட்டியல்தான்.

கூட்டத்தில் ஒரு நண்பர் நியாயமான கேள்வி கேட்டார். "ஈமெயில் அட்ரஸில் என்ன சார் ரகசியம்? வீட்டு வாசலில் கதவு எண் எழுதி வைக்கவில்லையா?"

கதவு எண்ணைப் படிக்க ஒருவன் நம் தெருவுக்கு வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும். நம் வாட்ச்மேன் பார்ப்பார், நாய் குரைக்கும். வெப்சைட்டில் இருப்பதைப் படிக்க யாரும் வர வேண்டியதில்லை. 187 வீட்டையும் ஒரே நொடியில் எடுத்துக்கொண்டு போகலாம். அதோடு, ஈமெயில் முகவரி இன்று வெறும் முகவரியாக இல்லை. பல இடங்களில் அதுதான் நம் பயனர் பெயர். பாஸ்வேர்டு மறந்துபோனால் புதிதாக மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. கூடவே பெயர், தெரு, சங்கத்தில் யார் என்ன பதவி என்பதும் சேர்ந்து கிடைத்தால், தலைவர் போல வேஷம் போட வேறென்ன வேண்டும்?

வேஷம் போடுவதும் சுலபம். ஈமெயிலில் அனுப்புநர் பெயர் என்று மேலே தெரிகிறதே, அது தபால் உறையின் ஓரத்தில் எழுதும் பெயர் மாதிரி. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். டீச்சருக்கு வந்த கடிதத்தில் பெயர் தலைவருடையது. அதைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே இருந்த முகவரி வேறு யாருடையதோ.

சரி, மறைப்பது எப்படி? இதற்குப் பல வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, @ குறிக்குப் பதில் "அட்" என்றும் புள்ளிக்குப் பதில் "டாட்" என்றும் ஆங்கிலத்தில் எழுதுவது. சோம்பேறிப் புரோகிராம் ஏமாறும். ஆனால் இந்தத் தந்திரம் ஊரறிந்தது. "அட்", "டாட்" இரண்டையும் தேடும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

இரண்டாவது, முகவரியைப் படமாகப் போடுவது. இதில் புண்ணியத்தை விடப் பாவம் அதிகம். பார்வை இல்லாதவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கிறார்கள். படத்தில் உள்ள எழுத்தை அது பெரும்பாலும் படிக்காது. கண் தெரிந்தவர்களும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்ட வேண்டும். தட்டினால் என்னைப் போல் என்னுக்கு எம் விழும்.

மூன்றாவது, எழுத்துகளுக்குப் பதில் எண்களை எழுதுவது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. @ குறியின் எண் 64. மூலத்தில் எண்களை எழுதினால் பிரவுசர் அதை எழுத்தாக்கிக் காட்டும். இதுவும் கொஞ்ச காலம் பலன் தந்தது. ஆனால் எண்ணை எழுத்தாக மாற்றுவது எந்தப் புரோகிராமுக்கும் ஒரு வேலையே இல்லை.

நான்காவதுதான் தம்பி அன்றைக்கே சொன்ன ஜாவாஸ்கிரிப்ட் வழி. ஜாவாஸ்கிரிப்ட் என்பது பிரவுசருக்குள் ஓடும் புரோகிராம் மொழி. 1995ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கியது. இன்று அநேகமாக எல்லா வெப்சைட்டிலும் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதத்தை வங்கிக்காரன் பாஷையில் சொல்கிறேன். பணம் இருக்கும் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒரு சாவி மட்டும் கிடைத்தால் பிரயோஜனம் இல்லை. அதுபோல, முகவரியை மூலத்தில் முழுதாக எழுதாமல் துண்டு துண்டாக எழுதி வைக்கிறோம். @ குறிக்கு முன்னால் இருப்பது ஒரு துண்டு. பின்னால் இருப்பது ஒரு துண்டு. நடுவில் @ குறியே கிடையாது, 64 என்ற எண் மட்டும். "இந்த மூன்றையும் இந்த வரிசையில் ஒட்டி, இந்த இடத்தில் காட்டு" என்று ஜாவாஸ்கிரிப்டில் நாலைந்து வரிக் குறிப்பு. நீங்கள் பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் அந்தக் குறிப்பின்படி செய்யும், முகவரி முழுதாகத் தெரியும். திருடனின் சாதாரணப் புரோகிராம் மூல எழுத்தை மேய்ந்துவிட்டுப் போகும். குறிப்பை நிறைவேற்றிப் பார்க்காது. அதற்குத் தெரிவது தொடர்பில்லாத துண்டுகள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஜவுளிக்கடையில் துணியின் அட்டையில் ஏதோ எழுத்துகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் அதைப் பார்த்ததும் கொள்முதல் விலையைச் சொல்லிவிடுவார். எந்த எழுத்து எந்த எண் என்பது அவருக்குத் தெரியும். அதேபோல எழுத்துகளை மாற்றி வைக்கலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் 13 இடம் தள்ளினால் ஏ என்பது என் ஆகும், பி என்பது ஓ ஆகும். இன்னொரு முறை 13 இடம் தள்ளினால் பழைய எழுத்து வந்துவிடும். மூலத்தில் மாற்றிய எழுத்து, திரையில் சரியான எழுத்து. கூடவே, "முகவரியைக் காட்டு" என்று ஒரு பொத்தான் வைத்து, ஒருவர் அதை அழுத்தினால்தான் ஒட்டும்படி செய்யலாம். நம் பக்கத்தில் தம்பி இப்போது செய்திருப்பது இதுதான்.

இதனால் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி என்ற அமைப்பு, புதிதாக நூற்றுக்கணக்கான ஈமெயில் முகவரிகளை உருவாக்கி, பல இடங்களில் போட்டு, ஆறு மாதம் காத்திருந்து 2003ல் முடிவை வெளியிட்டது. அவர்களுக்கு வந்த குப்பைக் கடிதங்களில் 97 சதவீதத்துக்கு மேல், பொது வெப்சைட்டில் அப்படியே போட்ட முகவரிகளுக்கு வந்தவை. அதே மாதிரிப் பக்கங்களில் உருமாற்றிப் போட்ட முகவரிகளுக்கு ஒன்றுகூட வரவில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய கணக்கு, அதற்குப் பிறகு திருடர்களும் முன்னேறிவிட்டார்கள். ஆனாலும் திறந்து கிடக்கும் வீட்டுக்கும் தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நிர்வாகக் குழுவில் எனக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தது. தம்பி நல்ல மனசோடு சொன்னான்: "அங்கிள், 187 அட்ரஸையும் ஜாவாஸ்கிரிப்டில் மறைச்சுடலாம். அரை நாள் வேலை." குழுவில் எல்லாருக்கும் சந்தோஷம். பட்டியலும் இருக்கும், ஆபத்தும் போகும். தீர்மானம் போட்டுவிடலாம் என்றார்கள். நான் மட்டும் வேண்டாம் என்றேன். தவறு செய்தவனே முட்டுக்கட்டை போடுகிறானே என்று சிலருக்கு வருத்தம். காரணத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதல் காரணம், இது தாழ்ப்பாள்தான், பெட்டகம் ஆகாது. ஒட்டும் துண்டும் ஒட்டும் குறிப்பும் ஒரே கோப்பில் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகின்றன. பூட்டையும் சாவியையும் ஒரே பொட்டலத்தில் கட்டி அனுப்புகிறோம். நம் பிரவுசரால் திறக்க முடிகிறது என்றால், முயற்சி எடுக்கும் திருடனாலும் முடியும். இப்போது முழுப் பிரவுசரையே உள்ளே வைத்துக்கொண்டு, ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஒரு மனிதன் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக் காப்பி எடுத்தால் எந்தத் தந்திரமும் நிற்காது. டீச்சரை ஏமாற்றியவன் ஒரு சங்கத்தின் தலைவர் யார் என்று பார்த்து எழுதியவன். அவன் பொத்தானை அழுத்தச் சோம்பல்படுவானா?

இரண்டாவது காரணம், ஏற்கெனவே வெளியே போனது திரும்பாது. வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டாலும், பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற இடங்களில் பிரதி இருக்கலாம். திருடனின் பட்டியலில் ஏறியது ஏறியதுதான். ஆகவே இன்று மறைப்பது இனி வருபவர்களுக்காக.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். அந்த 187 பேரில் ஒருவரையும் நான் கேட்கவில்லை.

1983ல் வங்கியில் சேர்ந்த நாளில், வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வாடிக்கையாளர் கணக்கைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற ரகசிய உறுதிமொழி. 38 வருஷம் அதைக் காப்பாற்றினேன். சொந்த மைத்துனர் வந்து, "அந்தப் பார்ட்டி கணக்கில் எவ்வளவு இருக்கிறது, லேசாகச் சொல்லேன்" என்று கேட்டபோதுகூட வாயைத் திறக்கவில்லை. அதற்காக ஆறு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவன், சந்தா கட்டுவதற்காக நீங்கள் நம்பி எழுதிக் கொடுத்த படிவத்தைத் தெருவில் ஒட்டிவிட்டேன். வங்கியில் செய்திருந்தால் சஸ்பெண்ட் ஆகியிருப்பேன். சங்கத்தில் செய்ததற்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

2023ல் நம் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஒருவருடைய விவரத்தை வாங்கும்போது எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. சட்ட நுணுக்கத்தை வக்கீல்கள் பார்க்கட்டும். எனக்குச் சட்டம் வருவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்ன செய்யும்? வைக்க வேண்டும் என்று முடிவு செய்த முகவரியைச் சுலபமாகத் திருட முடியாமல் செய்யும். வைக்கலாமா கூடாதா என்று அது சொல்லாது. அதை, முகவரிக்கு உரியவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பது முதல் வேலை, மறைப்பது இரண்டாவது வேலை. நான் இரண்டையும் செய்யவில்லை. தம்பி சொன்ன வழியில் போயிருந்தால் முதல் வேலையைத் தவிர்த்துவிட்டு இரண்டாவதை மட்டும் செய்திருப்போம்.

ஒரு மணி நேரம் விவாதித்து, குழு ஒருமனதாக எடுத்த முடிவுகள் இவை. நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

1. உறுப்பினர் பட்டியல் வெப்சைட்டிலிருந்து முழுதாக நீக்கப்பட்டுவிட்டது. தேடுபொறிகளுக்கும் நீக்கும்படி கோரிக்கை அனுப்பியிருக்கிறோம்.

2. இனி வெப்சைட்டில் மூன்றே மூன்று ஈமெயில் முகவரிகள்தான் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பதவிகளின் பெயரில் சங்கத்துக்கென்று உருவாக்கியவை. யாருடைய சொந்த முகவரியும் இல்லை. நிர்வாகிகள் மாறினால் பாஸ்வேர்டு கைமாறும். இந்த மூன்றும் ஜாவாஸ்கிரிப்டில் மறைக்கப்பட்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் எழுத்தாகவே தெரியும், திரைபடிக்கும் மென்பொருளும் வாசிக்கும். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்குச் சங்க அலுவலகத் தொலைபேசி எண் தெரியும். கன்ட்ரோல், யு அழுத்தி @ குறியைத் தேடிப் பார்த்தேன். 187 இருந்த இடத்தில் இப்போது பூஜ்யம். நீங்களும் தேடிப் பாருங்கள்.

3. உறுப்பினர்களுக்குப் பொதுவாக அனுப்பும் ஈமெயில்களில் எல்லார் முகவரியையும் "டு" கட்டத்தில் போடும் பழக்கம் நிறுத்தப்படுகிறது. "பி.சி.சி." கட்டத்தில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. டைப்ரைட்டரில் கார்பன் வைத்து நகல் எடுத்த காலத்துப் பெயர் அது. இந்தத் தப்பையும் சங்கத்தில் வருஷக்கணக்காகச் செய்துவந்தது அடியேன்தான்.

4. சங்கம் யாரிடமும் ஈமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கிஃப்ட் கார்டு கேட்காது. எவர் பெயரில் பணம் கேட்டு வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் காலத்தில் தந்தி மூலம் பணம் அனுப்பும்போது ரகசியக் குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒரு எண் சேர்ப்போம். அது ஒத்துப்போனால்தான் அந்தக் கிளையில் பணம் கொடுப்பார்கள். தந்தியில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. போன் எடுக்க முடியாது என்று கடிதத்திலேயே இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930ஐ அழையுங்கள். சந்தேகக் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அன்று ஒருவர் சொல்லியிருந்தால் டீச்சர் பணம் தப்பியிருக்கும்.

5. உறுப்பினர் கையேடு இனி அச்சில் மட்டும், உறுப்பினர்களுக்கு மட்டும். அதில் பெயர், போன், ஈமெயில் எது போடலாம், எது கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே குறித்துத் தர ஒரு படிவம் வீடு வீடாக வருகிறது. எதையும் குறிக்காமல் விட்டால் எதையும் போட மாட்டோம்.

அந்தப் படிவத்தை முதலில் டீச்சரிடம்தான் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்டேன். பதினைந்தாயிரத்தை நான் தருகிறேன் என்றேன். "நீங்க கொடுத்தா அவன் உங்ககிட்ட திருடின மாதிரி ஆயிடும். வேண்டாம். உட்காருங்க" என்று காபி கொடுத்தார். படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். போன் எண்ணுக்கு "சரி" என்று குறித்தார். ஈமெயிலுக்கு "வேண்டாம்" என்று குறித்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, படிவத்தின் தலைப்பில் தலைவர் பெயரைத் திருத்தினார். பழைய கோப்பிலிருந்து நகல் எடுத்திருந்தேன். மறுபடியும் எம்.

எல்லாப் படிவங்களையும் மறுபடி அச்சடித்தாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் உங்கள் வீட்டுக்கு வருவேன். படித்துப் பார்த்து, யோசித்துக் குறியுங்கள். எனக்கு அவசரம் இல்லை.